விபுலாநந்த அடிகளின் நரம்புக் கணக்கு

திருக்கோணமலையில், உட்துறைமுகத்துக்கு அணித்தாயுள்ள ஒரு பாடசாலையில் யான் தமிழாசிரியன். கீழைத்தேயக் கல்லூரியிற் பயின்று பண்டிதனானவன். வயது ஐம்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகச் சொன்ன முன்னோர் மரபைப் பல மேடைகளில் எடுத்துப் பேசியவன். அவ்விரு கண்களில் ஒன்றை மூடிக்கொண்டே இத்தனை ஆண்டும் கற்பித்து வந்திருக்கிறேன் என்பதை ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி எனக்கு உணர்த்தினாள்.

அன்று கணித ஆசிரியர் வரவில்லை. அவருடைய வகுப்பை ஒரு பாடவேளைக்குப் பார்த்துக்கொள்ளுமாறு அதிபர் பணித்தார். கரும்பலகையில் முதல்நாட் பாடம் அழியாமல் இருந்தது. விகிதமுறு எண்கள், விகிதமுறா எண்கள் என்று இரு நிரல்கள். இரண்டாம் நிரலில் 2இன் வர்க்கமூலமும் பையும் இருந்தன. அம்மாணவி எழுந்தாள். வட்டத்தின் பரப்பைக் காணும்போது பையின் பெறுமானத்தை 22/7 என்று எடுக்கச் சொல்கிறார்கள். 22/7 ஒரு பின்னம். பின்னமாயின் அது விகிதமுறு எண். பின்னர்ப் பையை விகிதமுறா எண் என்பது எவ்வாறு பொருந்தும் ஐயா என்று வினவினாள். அதனோடு அமையாது, விகிதமுறா என்னுஞ் சொல்லுக்கு ஒழுங்குகெட்டது என்பதுதானா பொருள் என்றும் கேட்டாள்.

இது கணித ஆசிரியரிடம் கேட்கவேண்டியது, தமிழ் வாத்தியாரிடம் அன்று என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். இரண்டாவது வினா ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பாடவேளை முடிந்து வெளியே வரும்போதுதான் சுவரில் இருந்த படத்தைக் கண்டேன். காவியுடை, அகன்ற நெற்றி. கீழ் மாகாணத்துப் பாடசாலைகளில் யாவரும் அறிந்த திருமுகம். விபுலாநந்த அடிகள். தமிழ்ப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கிய அவர் முன்னிலையில் யான் அந்த விடையைச் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு அவர்தம் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இம்முறை கணக்கை நோக்கியே படித்தேன்.

அடிகளார் மட்டக்களப்பின் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றினார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பதினாறாம் வயதில், 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். வீட்டிலும் ஊரிலும் தமிழிலக்கியம். கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும். ஒன்றுக்காக ஒன்றை விடவேண்டும் என்று அப்பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலும். சொல்லியிருப்பினும் அவர் செவியில் ஏறியிராது.

ஆசிரியப் பயிற்சியைக் கொழும்பிற் பெற்றார். சில காலம் கற்பித்தபின், அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். இந்த ஓர் ஆண்டை யான் பலமுறை படித்தும் கடந்து போயிருக்கிறேன். வரலாறு எழுதுவோரும் இரண்டு செய்திகளை இரண்டு வரிகளில் எழுதி அப்பாற் செல்வர். ஆய்வுகூடத்தில் அளவைக் குழாயைப் பிடித்த கை இரவிலே தொல்காப்பியத்து ஏட்டைப் புரட்டியது என்பதை எண்ணிப் பார்த்தால், பண்டிதர் என்ற பட்டத்தை நாம் எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்பது விளங்கும்.

பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்திலே தோன்றியபோது அதன் பணிகளிற் பங்குகொண்டார். யான் பண்டிதனானது அச்சங்கத்துத் தேர்வினால். ஆதலின் என் பெயருக்கு முன் நிற்கும் அப்பட்டத்திலும் அவர்க்கு ஒரு கூறு உண்டு.

1922இல் எல்லாவற்றையும் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். 1924இல் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். துறவு பூண்டவர் பாடசாலையைத் துறக்கவில்லை. 1925இல் இலங்கைக்கு மீண்டு இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே எங்கள் திருக்கோணமலை இந்துக் கல்லூரி மிஷனின் ஆட்சிக்குள் வந்தது. அதன் தலைமையும் முகாமையும் சில காலம் அவர் கையில் இருந்தன. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த காலம் அது. கோணேசர் மலையடியிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்து படித்த அக்கல்லூரியிலே, விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் உடைய ஒரு துறவி நடமாடினார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயம் எழுந்ததும் அவர் முயற்சியால். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நெறியில் ஆராய்ந்த மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. இவற்றையெல்லாம் அன்பர்கள் அறிவர், விரிக்கவேண்டுவதில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலே கற்பிக்கப்பட வேண்டுமாயின் சொற்கள் வேண்டும். சொல்லை ஆக்குவோர் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழறிஞர்க்குப் பொருள் தெரியாது, விஞ்ஞானிக்குச் சொல் தெரியாது என்னும் இடர்ப்பாட்டில் இரண்டும் தெரிந்த ஒருவரைத் தலைவராக்கியது தக்கதேயாம்.

இங்கே அம்மாணவியின் இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். விகிதம் உறுவது விகிதமுறு எண். இரண்டு முழுவெண்களின் விகிதமாக எழுத இடங்கொடுப்பது என்பது பொருள். அவ்வாறு எழுத இடங்கொடாதது விகிதமுறா எண். ஒழுங்குகேடு என்பதற்கு அச்சொல்லில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் இர்ரேஷனல் என்னுஞ் சொல் அறிவுக்கொவ்வாதது என்ற பொருளும் தருவதால் அம்மொழிப் பிள்ளைகளே மயங்குவர். நம் பிள்ளைக்கு அம்மயக்கம் வந்தது சொல்லின் குற்றம் அன்று. அதனைப் பிரித்துக் காட்ட வேண்டிய தமிழாசிரியன் வாளாவிருந்ததே குற்றம்.

முதலாம் வினாவுக்கு விடை தேடியபோது யான் யாழ் நூலிடம் சென்றேன். பண்டிதப் படிப்புக் காலத்தில் அதனைப் படித்ததுண்டு. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என அதன் இயல்களை ஒப்பிக்கவும் வல்லேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பழந்தமிழ் யாழ்களின் உருவையும் நரம்புகளின் சுருதியையும் கணக்கிட்டு நிறுவிய பெருநூல் அது. தமிழ்ப் பகுதியைப் படித்துவிட்டு, பின்னங்கள் வரும் பக்கங்களை விரலாற் கடந்துபோவது எங்கள் வழக்கமாயிருந்தது. பரீட்சையில் அவை வாரா.

அப்பின்னங்களே நூலின் உயிர். ஒரு நரம்பை முழுநீளத்தில் மீட்டினால் எழும் ஒலியைக் குரல் என்று கொள்வோம். அதன் சரிபாதியை மீட்டினால் அதே குரல் ஒருபடி மேலே எழும், விகிதம் 2:1. மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி, இக்காலத்தார் பஞ்சமம் என்பது, விகிதம் 3:2. நான்கில் மூன்று பங்கில் உழை, அதாவது மத்திமம், விகிதம் 4:3. செவிக்கு இனிமை தரும் இணைப்புகள் யாவும் சிறிய முழுவெண்களின் விகிதங்களாய் அமைவது இயற்கையின் பேரதிசயம். கிரேக்க நாட்டுப் பைதகரசின் பெயரோடு இவ்வுண்மையைச் சேர்த்துச் சொல்வது மேல்நாட்டு மரபு. சொல்லைக் கூர்ந்து நோக்கின், இசைநரம்பு ஒவ்வொன்றும் விகிதமுறு எண்.

இனி, குரலிலிருந்து இளிக்கும், அவ்விளியைக் குரலாக வைத்து அதன் இளிக்கும், இவ்வாறு பன்னிரண்டு முறை ஏறுவோம். பன்னிரண்டு நரம்பும் முற்றுப்பெற்றுத் தொடங்கிய குரலுக்கே ஏழு படி மேலே வந்துவிட்டதுபோற் செவிக்குத் தோன்றும். கணக்குப் பார்த்தால் வரவில்லை. 3ஐப் பன்னிரண்டு முறை பெருக்க 531441. 2ஐப் பத்தொன்பது முறை பெருக்க 524288. இரண்டும் ஒத்திருந்தாலன்றி வட்டம் மூடாது. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைக்குஞ் சற்றுக் குறைவு. பயின்ற செவி அதனைக் கேட்கும். பன்னிரண்டு போதாதென்று நூறு முறை ஏறினாலும், ஆயிரம் முறை ஏறினாலும் வட்டம் மூடாது. 3ஐ எத்தனை முறை பெருக்கினும் வருவது ஒற்றை எண். 2ஐ எத்தனை முறை பெருக்கினும் வருவது இரட்டை எண். ஒற்றையும் இரட்டையும் எங்ஙனம் ஒக்கும்? மூன்றாந் தரத்துப் பிள்ளைக்குத் தெரிந்த இவ்வளவைக் கொண்டே இசையுலகின் தீராத வழக்கொன்று விளங்கிவிடுகிறது. கணக்கை வகுப்புக்கு ஏற்றபடி அமைத்தவன் யானே. அந்நூலின் போக்கு இதனினும் நுட்பமானது.

வட்டத்தை மூடியே தீர்வேன் என்பவன் ஒன்று செய்யலாம். குரலுக்கும் மேற்குரலுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒத்த பன்னிரண்டு படிகளாகப் பகுக்கலாம். ஆர்மோனியத்தில் அவ்வாறே பகுத்திருக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு படியும், தன்னைத்தான் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 ஆகும் எண்ணாதல் வேண்டும். அது எந்தப் பின்னத்துக்கும் அடங்காது. இளியும் 1.5 ஆகாது 1.4983 என்ற அளவில் நின்றுவிடும். ஆறாம் படியோ சரியாக 2இன் வர்க்கமூலம். கரும்பலகையில் இரண்டாம் நிரலிலே எழுதப்பட்டிருந்த அதே எண்!

இதனை அறிந்தபின் தஞ்சை ஆபிரகாம் பண்டிதருக்கும் அடிகளாருக்கும் உள்ள கருத்து வேற்றுமையும் எனக்குப் புதிதாய் விளங்கிற்று. 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்திலே பண்டிதர், சுருதிகள் 24 என்றும் அவை ஒத்த அளவின என்றும் நாட்டினார். அடிகளார் நூல் 22 அலகுகளைக் கொண்டு நடப்பது. இசைப்புலவர் இன்றும் இருபக்கமாய் நிற்பர். அவ்வழக்கைத் தீர்க்க யான் வல்லேன் அல்லேன். ஆனால் ஒத்த அளவு வேண்டுமென்றால் விகிதம் கைவிட்டுப் போகும். விகிதம் வேண்டுமென்றால் ஒத்த அளவு கைவிட்டுப் போகும் என்பது மட்டும் தெளிவு. 22 அலகு, 7 நரம்பு. 22/7 என்று யாரேனும் பையை இங்கே கொணர்ந்து வியக்க வேண்டா. அது தற்செயல். இத்தகைய தற்செயல்களில் மயங்கி நூலெழுதினவர்களை யான் அறிவேன்.

பாடசாலையில் அடுத்த வாரம் கணித ஆசிரியரின் இசைவு பெற்று அவருடைய பாடவேளை ஒன்றை இரவல் வாங்கினேன். கடற்றொழில் செய்யும் பெற்றார் ஒருவர் தங்கூசி நரம்பு தந்தார். நீண்ட பலகையொன்றில் 72 சென்டிமீற்றர் இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளை அறைந்து அதனை இறுகக் கட்டினோம். வீணைபோல் ஒலிக்கவில்லை, ஆயினும் ஒலித்தது. 36இல் மேற்குரல், 48இல் இளி, 54இல் உழை. பிள்ளைகள் அளவுகோலை வைத்துத் தாமே கண்டுகொண்டார்கள். பின்பு சங்கீத ஆசிரியையின் ஆர்மோனியத்தைக் கொணர்ந்து ஆறாம் கட்டையை அழுத்தி, இவ்வொலி நரம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அம்மாணவியே எழுந்து வந்து கட்டையை நகர்த்தினாள். 51க்குச் சற்று இப்பால். 50.9 என்றாள். பிறகு அதுவும் சரியில்லை, இன்னுஞ் சற்று மேலே என்றாள்.

இந்த இடத்தில் கணித ஆசிரியர் எழுந்து எனக்கு உதவினார். 36 சென்டிமீற்றர்ப் பக்கமுள்ள ஒரு சதுரத்தைத் தரையில் வரைந்தார். அதன் மூலைவிட்டத்துக்கு ஒரு நூலைப் பிடித்து, அந்நீளத்தை நரம்பின்மேல் வைத்தார். கட்டை நின்ற இடத்திலேயே நூலின் முனை நின்றது. அளவுகோலிற் குறிக்கமுடியாத நீளத்தைச் சதுரம் ஒரு கணத்திற் காட்டிவிட்டது. அந்நீளம் எந்தப் பின்னத்துக்கும் அடங்காமையை அவர் நிறுவிய முறையும் எளிது. 2இன் வர்க்கமூலம் ஒரு பின்னம் என்று கொள்வோம். அதனைச் சுருக்க முடிந்தமட்டும் சுருக்கிவிடுவோம். மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தைப்போல் இருமடங்கு. ஆகவே மேலெண் இரட்டை. மேலெண் இரட்டையாயின் அதன் வர்க்கம் நான்கால் வகுபடும். ஆகவே கீழெண்ணும் இரட்டை. இரண்டும் இரட்டையாயின் இன்னும் ஒருமுறை சுருக்கலாமே! சுருக்கி முடித்தோம் என்றது பொய்யாயிற்று. இங்கும் ஒற்றை இரட்டைதான் நடுவராக வந்து நின்றது.

22/7க்கும் அப்போதே தீர்வு சொன்னார். அதனை வகுத்தால் 3.142857 என வந்து, தசமத்தின் பின்னுள்ள ஆறு இலக்கங்களும் மீண்டும் மீண்டும் வரும். பையோ 3.14159 எனத் தொடங்கி மீளாது செல்லும். மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 22/7 பைக்கு அண்மையில் வாழும் அயலான், உறவினன் அல்லன். பை விகிதமுறா எண் என்பது 18ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. அந்நிறுவல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாதது. எட்டாதென்பதை ஒளிக்காமல் அவர் சொன்னது எனக்கு மிகப் பிடித்தது.

என் பங்குக்கு யாழ்முரியின் கதையைச் சொன்னேன். கோணமாமலையைப் பதிகத்தாற் பாடிய ஞானசம்பந்தர் தருமபுரத்திலே பாடிய பதிகமொன்று, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்கு அடங்கவில்லை. அவர் யாழை முரிக்கப் புகுந்தார், பிள்ளையார் தடுத்தருளினார். நரம்புக்கு அடங்காத ஒன்று மிடற்றில் இருந்தது. புராணச் செய்தியைக் கணிதத்துக்குச் சான்றாக்கலாகாது என்பதையும் உடன் சொல்லி வைத்தேன்.

அடிகளாரின் இறுதியாண்டுகளைச் சுருங்கச் சொல்லலாம். 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை அலைச்சலிலும் பத்தாண்டுக்கு மேலாக யாழ்க் கணக்கு அவரை விட்டகலவில்லை. 1947 ஜூன் மாதத்தில், சம்பந்தரின் ஓடம் கரைசேர்ந்த தலமாகிய திருக்கொள்ளம்பூதூரிலே, கரந்தைத் தமிழ்ச்சங்கத்தார் வெளியிட்ட யாழ் நூல் அரங்கேறியது. ஏட்டிலிருந்த கணக்கின்படி செய்த யாழ்கள் அவ்வரங்கில் இசைத்தன. எத்தனையோ நூற்றாண்டுகளாக மௌனமாயிருந்த கருவி பின்னங்களைக் கொண்டே வாய் திறந்தது. அதன்பின் இரு திங்கள்கூட அவர் இருக்கவில்லை. 1947 ஜூலை 19ஆம் நாள் மறைந்தார். கல்லடி உப்போடையில், தாம் கண்ட வித்தியாலய வளவிலே மரநிழலில் அடங்கியிருக்கிறார்.

அம்மாணவியிடம் வகுப்பின் முன்னிலையிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு அலகையும் தங்கூசியிற் குறிக்கலாமா ஐயா என்று கேட்டாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். யாழ் நூலின் அந்தப் பக்கங்களை அதற்குள் யான் ஒழுங்காகப் படித்தாக வேண்டும். பலகைதான் கையில் இல்லை. கணித ஆசிரியர் பத்தாந் தரத்துக்குக் காட்டுவதற்கென்று கொண்டுபோனார். இன்னும் திருப்பித் தரவில்லை.